சுளுக்கிய கணுக்கால்: ஓய்வு போதுமா, பயிற்சி வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 36. மூன்று வாரங்களுக்கு முன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வலது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. வீக்கம் வடிந்துவிட்டாலும் காலையில் கணுக்கால் விறைக்கிறது, படி இறங்கினால் வலிக்கிறது. வீட்டில் இன்னும் ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள். பயிற்சி செய்யலாமா?

பதில்: செய்யலாம். இதற்கு மேலும் காலை அசைக்காமல் வைத்திருந்தால் விறைப்புதான் கூடும். பாதம் உள்ளே மடங்கும்போது நைந்துபோவது பெரும்பாலும் கணுக்காலின் வெளிப்புற லிகமெண்ட், அதாவது எலும்புகளை இணைக்கும் நார். அளவான இழுப்பு கிடைத்தால்தான் அங்கே புதிதாக உருவாகும் நார் வலுப்பெறும்.

காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே தொடங்குங்கள். பாதத்தை மேலும் கீழுமாக 20 முறை அசைத்துவிட்டு, கட்டை விரலால் காற்றில் அ முதல் ஔ வரை எழுதுங்கள். முழங்கால் அசையக் கூடாது. பலர் காலையே ஆட்டிவிட்டு முடித்துவிடுகிறார்கள்! பிறகு காலை நீட்டி உட்கார்ந்து, விரல்களுக்குக் கீழே துண்டைப் போட்டு, கெண்டைக்கால் இழுபடும்வரை உங்கள் பக்கமாக இழுத்து 30 விநாடி பிடியுங்கள். இப்படி மூன்று முறை. குத்துக்காலிட்டு உட்கார முடியாமல் தடுப்பதில் கெண்டைக்கால் இறுக்கத்துக்கும் பங்கு உண்டு.

வலுவுக்கு, நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தின் வெளி விளிம்பைச் சுவரில் வைத்து 5 விநாடி அழுத்துங்கள், 10 முறை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இரு குதிகால்களையும் உயர்த்தி மெதுவாக இறக்குவது 10 முறை. உயரும்போது எடை சுண்டுவிரல் பக்கம் சாய்ந்தால் கால் மறுபடி மடங்கும். கட்டை விரலின் அடிப்பகுதியை ஊன்றுங்கள்.

எல்லோரும் விட்டுவிடுவது சமநிலைப் பயிற்சியைத்தான். பாதம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் லிகமெண்டிலும் உண்டு. சுளுக்கில் அவையும் பாதிக்கப்படும். வலி போன பிறகும் அதே கால் திரும்பத் திரும்ப மடங்குவதற்கு இது முக்கியக் காரணம். சுவரோரம் ஒற்றைக் காலில் 30 விநாடி நில்லுங்கள். ஆடாமல் நிற்க வந்த பிறகு கண்ணை மூடி, அடுத்து மடித்த போர்வை மேல். ஈரத் தரையில் வேண்டாம். வலி நின்றுவிட்டதென்று நிறுத்திவிடாமல் 6 வாரமாவது தொடருங்கள்.

செய்யும்போது பத்துக்கு மூன்று அளவு வலி பரவாயில்லை. மறுநாள் காலை வீக்கமோ வலியோ கூடியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். எண்ணெய் போட்டு அழுத்தி நீவ வேண்டாம். நைந்த நாரை அது மேலும் புண்ணாக்கும்.

நான்கு அடிகூட ஊன்றி நடக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பைத் தொட்டால் சுரீரென வலித்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்; ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம்.