குழந்தைக்காக வாடகைத் தாய் வழியில் போகலாமா? அண்ணி சுமக்கச் சம்மதிக்கிறார்

கேள்வியில் நீங்கள் தந்த விபரம்: இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம், கல்யாணமாகி ஏழு வருடம், மனைவிக்கு 33 வயது, மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, கணவரான நீங்கள் இன்னும் எந்தப் பரிசோதனையும் செய்யவில்லை.

அண்ணி சம்மதித்தாலும், இந்த நிலையில் அவர் சுமக்கத் தேவையே இல்லை. வாடகைத் தாய் முறை தீர்த்து வைப்பது ஒரே ஒரு குறையைத்தான்: கருவைச் சுமக்க முடியாத உடம்பை. பிறவியிலேயே கருப்பை இல்லாதவர்கள், பிரசவ இரத்தப்போக்கில் கருப்பையை எடுக்க நேர்ந்தவர்கள், காசநோயாலோ சத்திரசிகிச்சையாலோ கருப்பையின் உட்சுவர் ஒட்டிப்போனவர்கள், கர்ப்பத்தைத் தாங்காத இருதய நோயுள்ளவர்கள், இவர்களுக்கானது அது. மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருவது பெரும்பாலும் முட்டை ஒழுங்காக வெளிவராததன் அடையாளம். அதற்கு லெட்ரசோல் மாத்திரை ஐந்து நாள் கொடுத்து, ஸ்கேனில் முட்டை வளர்வதைப் பார்ப்பார்கள். விந்தணு குறைவென்றாலோ குழாய் அடைப்பென்றாலோ ஐ.வி.எஃப். (முட்டையையும் விந்தணுவையும் உடம்புக்கு வெளியே சேர்த்துக் கரு உருவாக்கும் முறை) வரை போகவேண்டி வரலாம். அப்போதும் சுமப்பது உங்கள் மனைவிதான்.

உண்மையிலேயே கருப்பைதான் தடை என்று தெரிந்தால், முட்டைகள் வளர மனைவிக்கு 10 முதல் 12 நாள் ஊசி போடுவார்கள். இரண்டு மூன்று நாளுக்கொரு ஸ்கேன். கடைசி ஊசி போட்டு 34 முதல் 36 மணித்தியாலத்துக்குள் முட்டை எடுக்க வேண்டும். பிந்தினால் முட்டை தானே வெளியேறிவிடும். மலையிலிருந்து தினம் பஸ்ஸில் போய்வருவது சரிவராது, அந்த இரண்டு வாரம் கிளினிக்குக்குப் பக்கத்தில் தங்குங்கள். அந்த நாட்களுக்குப் பேர் விழாது, அதாவது தோட்டத்தில் நாட்சம்பளம் கிடைக்காது என்பதையும் கணக்கில் சேருங்கள். முட்டை எடுத்தபின் வயிறு ஊதி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தால் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

அந்த முட்டையை உங்கள் விந்தணுவோடு சேர்த்து, ஐந்து நாள் வளர்ந்த கருவை உறையவைத்து, பிறகு அண்ணியின் கருப்பையில் வைப்பார்கள். உட்சுவர் 7 மில்லிமீட்டராவது தடித்திருக்க வேண்டும். ஒரு கரு மட்டும் கேளுங்கள். இரட்டையானால் குறைமாதப் பிரசவமும் இரத்தப்போக்கும் அண்ணியின் தலையில்தான் விழும். அவருக்குச் சொந்தப் பிள்ளை இருக்கவேண்டும், முந்திய பிரசவங்கள் சிக்கலில்லாமல் நடந்திருக்க வேண்டும், ஹீமோகுளோபின் 12க்குக் குறையக்கூடாது. கொழுந்தெடுக்கும் பெண்களிடம் இரத்தச்சோகையை அடிக்கடி பார்க்கிறோம், அதைச் சரிசெய்த பிறகுதான் மற்றது.

சட்டம்தான் பெரிய சிக்கல். இலங்கையில் வாடகைத் தாய்க்கென்று தனிச்சட்டம் இல்லை. பெற்றவளே தாய். அவள் கல்யாணமானவள் என்றால், சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 112ஆம் பிரிவுப்படி அவள் கணவனே தகப்பன் என்று கொள்ளப்படும். அதாவது பிறப்புச் சான்றிதழில் உங்கள் அண்ணனும் அண்ணியும். நீங்கள் 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் தத்தெடுக்க வேண்டும். அதற்கு அண்ணியின் சம்மதம் தேவை. வீட்டில் எழுதிக் கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தைக் காட்டி அவரைக் கட்டாயப்படுத்தலாம் என்று எண்ணாதீர்கள்.

‘அண்ணியை உங்கள் மனைவியின் அடையாள அட்டையில் வார்டில் சேர்த்தால் போதும்’ என்று யாராவது சொன்னால் அந்த ஆளை விட்டு விலகுங்கள். அது குற்றம். அதோடு கிளினிக் அட்டையில் இருக்கும் இரத்த வகை வேறொருத்தியுடையது. அவசரத்தில் இரத்தம் ஏற்றும்போது உயிரே போகலாம்.

இன்னொன்றையும் அண்ணியோடு முன்கூட்டியே பேசவேண்டும். 20ஆம் வாரமளவில் எடுக்கும் ஸ்கேனில் குழந்தைக்குப் பெரிய குறை தெரிந்தாலும், தாயின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் இங்கு கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தராது. அந்தப் பிள்ளையையும் நீங்கள் ஏற்பீர்களா? இதற்கு இருவரும் தயங்காமல் ஆம் என்று சொல்ல முடியாவிட்டால் அண்ணியின் உடம்பைக் கேட்காதீர்கள்.

இந்தியாவுக்குப் போகலாமே என்பவர்களுக்கு: 2021ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே காசுக்குச் சுமப்பதைத் தடைசெய்துவிட்டது. இந்திய வம்சாவளித் தம்பதிக்குக்கூட அங்குள்ள வாரியத்தின் பரிந்துரைச் சான்றிதழ் வேண்டும். ‘நாமும் வம்சாவளிதானே’ என்று நம்பி தரகருக்கு முற்பணம் கட்டாதீர்கள்.

இப்போதைக்கு, கணவர் இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்துவிட்டு விந்துப் பரிசோதனை செய்யட்டும். மனைவி தைரொயிட், புரோலக்டின் இரத்தப் பரிசோதனைகளும் ஒரு ஸ்கேனும் எடுக்கட்டும். கடந்த ஒரு வருட மாதவிலக்குத் திகதிகளை ஒரு தாளில் எழுதி, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இருவரும் சேர்ந்தே வி.ஓ.ஜி.யை (மகப்பேற்று, பெண்நோயியல் விசேட வைத்தியரை) பாருங்கள்.