அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியும் உமா சக்கரவர்த்தியும்

கேள்வி: எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். 1931-இல் பிறந்த என் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் வரவு செலவு நோட்டுகளும் கடிதங்களும் கொஞ்சம் நாட்குறிப்புத் தாள்களும் கிடைத்திருக்கின்றன. அவருடைய வாழ்க்கையை எழுத ஆசை. “முதலில் உமா சக்கரவர்த்தியைப் படி” என்கிறார் என் பேராசிரியை. பண்டைய இந்தியாவை ஆராய்ந்தவருக்கும் எங்கள் வீட்டுப் பெட்டிக்கும் என்ன தொடர்பு? எங்கிருந்து தொடங்குவது?
- சிவகங்கை மாவட்ட வாசகி

பதில்: தொடர்பு மிக நெருக்கமானது. 1941-இல் டெல்லியில் பிறந்த உமா சக்கரவர்த்தி பெங்களூரில் சட்டமும் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் வரலாறும் படித்தார். 1966 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டெல்லி மிராண்டா ஹவுஸ் கல்லூரியில் பாடம் நடத்தினார். பௌத்தத்தின் சமூகப் பின்னணி பற்றிய அவருடைய நூல் 1987-இல் வந்தது. அதே ஆண்டு, 1984-இல் டெல்லியில் சீக்கியர்கள் கொல்லப்பட்டபோது உயிர் தப்பியவர்கள் சொன்னதை நந்திதா ஹக்சருடன் சேர்ந்து நூலாகக் கொண்டுவந்தார். ஏட்டில் இருப்பதும் பாதிக்கப்பட்டவர் வாயால் சொல்வதும் அவருக்கு ஒரே அளவு முக்கியமான சான்றுகள்.

பணி ஓய்வுக்குப் பிறகு ஆவணப்படங்கள் எடுக்கத் தொடங்கினார். அவற்றில் ஒன்று சுப்புலட்சுமி என்ற தமிழ்ப் பெண்ணைப் பற்றியது. பதினொரு வயதில் மணமாகி, உப்பு இலாகா அதிகாரியின் மனைவியாக வாழ்ந்தவர். அவர் விட்டுச்சென்ற நாட்குறிப்பையும் கடிதங்களையும் கொண்டு பேத்தி மைதிலி சிவராமன் ஒரு நூல் எழுதினார். உமாவின் படம் அந்த வாழ்க்கையைத்தான் சொல்கிறது. உங்கள் கையில் இருப்பதும் அதே வகைச் சரக்கு.

படிக்கும் வரிசையைச் சொல்கிறேன். வேதகாலத் தாசிக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும் 1989 கட்டுரையில் தொடங்குங்கள். கார்க்கி, மைத்ரேயி என்று வேதகால அறிவுப் பெண்களைப் பெருமை பேசிய பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தாளர்கள், அதே காலத்தில் உழைத்த அடிமைப் பெண்ணை மறந்துவிட்டார்கள் என்பது அதன் வாதம். அடுத்து, பிராமணிய ஆணாதிக்கம் பற்றிய 1993 கட்டுரை. நிலம், சாதித் தூய்மை, பெண்ணின் உடல் மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பதை அது விளக்குகிறது. கடைசியாக, பண்டித ரமாபாய் பற்றிய 1998 நூல். 1889-இல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதன் தொடங்கிய அவ்வளவு பெரிய ஆளுமை, மதம் மாறியதால் தேசிய வரலாற்றின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டதை அதில் காண்பீர்கள். ஒரு தனிப்பெண்ணின் கதையை அவள் காலத்தோடு சேர்த்து எழுதுவதற்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இனி பெட்டிக்கு வருவோம். எதையும் வெளியே எடுப்பதற்கு முன், மேலிருந்து கீழாக அடுக்கடுக்காகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடிதம் எந்த நோட்டுக்குள் இருந்தது என்பதே ஒரு தகவல். தேதி வாரியாக அடுக்கும் ஆசையில் எல்லாரும் முதலில் கெடுப்பது இதைத்தான். துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாகக் கழற்றுங்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாகித் தாளைத் தின்னும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், பிறகு பிரிக்கவே முடியாது. வெயிலிலும் காயவைக்காதீர்கள், மை வெளுத்துவிடும். ஒவ்வொரு தாளின் பின்புற ஓரத்திலும் மென்மையான பென்சிலால் எண் போடுங்கள். ஸ்கேன் 300 டிபிஐக்குக் (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு) குறையக் கூடாது, பொடி எழுத்துக்கும் புகைப்படத்துக்கும் 600. மூன்று பிரதிகள் வைத்துக்கொண்டு, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்துவையுங்கள்.

தேதி இல்லாத கடிதங்கள் தலைவலி தரும். தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது ஆண்டுச் சுழற்சி நினைவிருக்கட்டும்: விரோதி என்றால் 1949-50, அல்லது 2009-10. கணக்கு அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. ஆனாலும் நயா பைசா வந்த பிறகும் பழக்கத்தில் அணாக் கணக்கு எழுதியவர்கள் உண்டு, அதை மட்டும் நம்பாதீர்கள். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது.

நாட்குறிப்பைவிட வரவு செலவு நோட்டை நான் பெரிதாக மதிப்பேன். நாட்குறிப்பில் சொல்லத் தயங்கியதைக் கணக்கு சொல்லிவிடும். வைத்தியச் செலவு யாருக்கு, பள்ளிக்கூடச் சம்பளம் பையனுக்கு மட்டுமா, அடகு போன நகை யாருடையது என்று பாருங்கள். வேதகாலத் தாசி எங்கே என்ற உமாவின் கேள்வி இங்கேதான் வேலை செய்யும். நாற்று நட்டவள், மாட்டுக்கொட்டில் கூட்டியவள், துணி வெளுத்தவள் எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறார்கள்? கூலி நெல்லா, காசா? அவர்கள் இல்லாத அப்பத்தா கதை அரைக்கதை.

வீட்டுப் பெரியவர்களைப் பேட்டி எடுக்கும்போது “அந்தக் காலம் எப்படி இருந்தது?” என்று கேட்டால் பொதுப்படையான பதில்தான் வரும். ஒரு பொருளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். வயது நினைவில்லாதவர்களிடம் 1964 தனுஷ்கோடிப் புயலைப் போன்ற ஒரு நிகழ்வை வைத்து, அதற்கு முன்பா பின்பா என்று கேட்டால் ஆண்டு தெரியவரும். ஒரு அமர்வு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். திருமண வயதைக் கட்டாயம் விசாரியுங்கள். பெண்ணுக்கு 14 என்று வரம்பு வைத்த சாரதா சட்டம் 1930 ஏப்ரலில் அமலுக்கு வந்துவிட்டது. அப்பத்தாவுக்கு அதைவிடச் சிறு வயதில் கல்யாணம் என்றால் வீட்டார் அதை எப்படி நடத்தினார்கள் என்பது ஒரு தனி அத்தியாயம். உங்கள் குடும்பத்தில் அறுத்துக்கட்டும் வழக்கம் (கணவனை இழந்த அல்லது பிரிந்த பெண் மறுமணம் செய்வது) இருந்ததா, இருந்தால் எந்தத் தலைமுறையில் நின்றது என்றும் கேளுங்கள். கொஞ்சம் வசதி வந்ததும் அந்த வழக்கத்தைக் கைவிட்ட குடும்பங்கள் உண்டு. 1993 கட்டுரையின் வாதத்தை உங்கள் ஊர் மண்ணில் உரசிப் பார்க்கும் இடம் அது. அதைச் செய்யாமல் ‘பிராமணிய ஆணாதிக்கம்’ என்ற சொல்லை மட்டும் எடுத்து ஒட்டினால் ஆய்வு வெறும் முழக்கமாகிவிடும்.

சொத்து விவரத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்குங்கள். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு மகள்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்ட விடுதலைப் பத்திரம் ஏதாவது பதிவாகியிருந்தால் நகல் எடுத்து, யாருக்கு என்ன தொகை கொடுத்து எழுதி வாங்கினார்கள் என்பதைப் பாருங்கள். அதை அச்சில் போடுவதற்கு முன், உயிரோடு இருக்கும் அத்தைமாரிடம் வாசித்துக் காட்டி ஒப்புதல் பெறுங்கள்.