போக்சோ செய்தியில ஸ்கூல் பேரு போடணுமான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, ஸ்கூல் பேரும் தெரு பேரும் இருந்தாதான் மேட்டர் நிக்கும்னு டெஸ்க்ல அடம் பிடிக்கிறாங்கன்னு எழுதியிருந்தீங்க, போடவே போடாதீங்க. பிள்ளைங்க மேல நடக்குற பாலியல் குற்றங்களுக்கான 2012 போக்சோ சட்டம் 23வது பிரிவுல பாதிக்கப்பட்ட பிள்ளையோட பேரு, அட்ரஸ், போட்டோ, குடும்ப விவரம், ஸ்கூல், ஏரியா எதுவும் மீடியால வரக்கூடாதுன்னு தெளிவா இருக்கு, மீறினா 6 மாசத்துல இருந்து 1 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ஃபைன், இல்ல ரெண்டுமே. பத்திரிகை முதலாளியும் சேர்ந்தே மாட்டுவாரு, அதை எடிட்டர் காதுல போட்டு வைங்க, சட்டுனு குரல் இறங்கிடும் :)

பேரை மட்டும் மாத்திட்டா போதும்னு நினைக்கிறாங்க பாருங்க, அதுதான் கூத்து. "பஸ் ஸ்டாண்டு பக்கம் டெய்லர் கடை வச்சிருக்கவரோட ஏழாங்கிளாஸ் பொண்ணு"ன்னு எழுதினா சின்ன ஊர்ல யாருக்குத்தான் தெரியாது? கைதானவன் சொந்தக்காரன்னா அவன் பேரும் வேணாம். வாட்ஸப்ல வந்த எஃப்ஐஆர் காப்பியையும் யாருக்கும் அனுப்பாதீங்க, இந்த மாதிரி கேஸ் எஃப்ஐஆரை பொதுவுல விடக்கூடாதுன்னு 2018லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு.

மாவட்டம், வயசு, என்ன பிரிவு, எப்போ கைது, இவ்ளோ போதும். இடம் மிச்சம் இருந்தா கம்ப்ளைன்ட் குடுத்து எத்தனை நாள் கழிச்சு எஃப்ஐஆர் போட்டாங்கன்னு ஸ்டேஷன்ல விசாரிச்சு எழுதுங்க.