முதல் பெட்ரோல் படகு: எஞ்சின் வாங்கியாச்சு, மற்ற சாமான்களில் எது முக்கியம்?

கேள்வி: அமெரிக்காவில் மிச்சிகனில் இருக்கிறேன். இதுவரை பேட்டரியில் ஓடும் ரிமோட் படகுகள்தான் வைத்திருந்தேன். இப்போது 48 அங்குல ஃபைபர் கிளாஸ் மோனோ (ஒற்றை உடல் கொண்ட) படகின் வெறும் கூட்டையும், அதிகம் ஓடாத ஜெனோவா ஜி260 பெட்ரோல் எஞ்சினையும் வாங்கிவிட்டேன். மற்ற சாமான்களின் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஸ்ட்ரட், ரடர் (சுக்கான்), கேபிள், புரொபெல்லர், சர்வோ என்று போய்க்கொண்டே இருக்கிறது. எதை நல்லதாக வாங்க வேண்டும், எதில் சிக்கனம் பிடிக்கலாம்? எஞ்சினின் சக்தியைக் கூட்டும் புகைக்குழாயான ட்யூன்டு பைப்பை இப்போதே வாங்கிவிடலாமா?

பதில்: எஞ்சினைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஜி260 என்பது 34 மில்லிமீட்டர் போர், 28 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 25.4 சிசி. புல்வெட்டி எஞ்சின் வம்சத்தில் வந்து தண்ணீர் ஜாக்கெட் போட்டுக்கொண்ட டூ ஸ்ட்ரோக். உதிரி பாகம் கிடைக்கும், கயிற்றை இழுத்தால் கிளம்பும். உங்கள் கூட்டுக்கு இதுவே தாராளம். முதல் வருடம் இதன் சக்தியைக் கூட்ட ஒரு டாலர்கூடச் செலவழிக்காதீர்கள். அந்தப் பணமெல்லாம் எஞ்சினுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்கும் சாமான்களுக்குப் போகட்டும். புதிதாக வருகிறவர்களின் படகு பாதியில் நிற்பதற்கு எஞ்சின் காரணமாக இருப்பது குறைவு. கேபிள் அறுந்திருக்கும், ரடர் கம்பி வளைந்திருக்கும், தண்ணீர்க் குழாய் கழன்றிருக்கும்.

முதலில் கேபிள். எஞ்சினின் சுழற்சியைப் புரொபெல்லருக்குக் கொண்டுபோவது முறுக்கிய எஃகுக் கம்பிகளால் ஆன ஃப்ளெக்ஸ் கேபிள். இந்த அளவு எஞ்சினுக்குக் கால் அங்குலக் கேபிள்தான் வழக்கம். அதன் முன் முனையை எஞ்சினில் இருக்கும் கொலெட் இறுகப் பிடிக்கும். பின் முனையில் பற்றவைத்த சிறிய ஷாஃப்ட், படகின் பின்சுவரில் பொருத்தும் ஸ்ட்ரட் என்ற தாங்கி வழியாக வெளியே வந்து புரொபெல்லரைத் தாங்கும். இதில் மலிவுச் சரக்கு வேண்டவே வேண்டாம். கொலெட், கேபிள், கேபிள் உள்ளே சுழலும் ஸ்டஃபிங் டியூப், ஸ்ட்ரட் நான்கையும் ஒரே தயாரிப்பாளரிடம் ஒரே செட்டாக வாங்கினால் அளவுத் தகராறு வராது. வாங்கும்போது உங்கள் எஞ்சின் மாடலைச் சொல்லிக் கேளுங்கள். கேபிளின் முறுக்கு, எஞ்சின் சுழலும்போது இறுகும் திசையில் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் ஏறியதும் பிரிந்துவிடும்.

மாட்டும்போது ஓர் இடைவெளி விட வேண்டும். புரொபெல்லருக்கு முன்னால், அதன் குமிழில் உள்ள வெட்டுக்குள் பொருந்துகிற சிறிய உலோகத் துண்டுக்கு டிரைவ் டாக் என்று பெயர். அந்த டிரைவ் டாக்குக்கும் ஸ்ட்ரட்டின் பின் முனைக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் வெளி இருக்கட்டும். ஈரத்துணியைப் பிழிந்தால் நீளம் குறைகிறதல்லவா, கேபிளும் பாரத்தில் முறுக்கேறும்போது அப்படித்தான் குறுகும். இடைவெளி விடாமல் மாட்டியிருந்தால் டிரைவ் டாக் ஸ்ட்ரட்டின் புஷ்ஷில் போய் அழுந்தித் தேய்க்கும். புஷ் சூடேறும், வேகம் வராது, கடைசியில் கேபிள் அறுந்து புரொபெல்லரும் சேர்ந்து ஏரிக்குள் போய்விடும். புரொபெல்லரின் விலை தெரிந்தவர்கள் இந்த இடைவெளியை ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுத்தான் படகை இறக்குவார்கள்.

அடுத்தது நேர்கோடு. ஸ்டஃபிங் டியூப் எஞ்சினின் கொலெட்டுக்கு நேராக வந்து சேர வேண்டும். இதைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், கேபிளை கிரீஸ் இல்லாமல் உள்ளே தள்ளி, கொலெட்டை இறுக்கி, புரொபெல்லர் பக்கத்திலிருந்து விரலால் சுற்றுங்கள். முழுச் சுற்றும் ஒரே சீராக வர வேண்டும். ஓர் இடத்தில் லேசாக இறுகி மறுபடி விட்டால் டியூப் எங்கோ கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். எஞ்சின் மவுண்ட்டின் கீழே மெல்லிய தகடு வைத்தோ, டியூப்பைக் கொஞ்சம் வளைத்தோ சரிசெய்துவிட்டு, அதற்குப் பிறகுதான் எபாக்ஸி ஊற்ற வேண்டும். அந்த எஞ்சின் மவுண்ட்டும் ரப்பர் வைத்ததாகவே இருக்கட்டும். பெட்ரோல் எஞ்சினின் அதிர்வு பேட்டரி மோட்டாரில் நீங்கள் பார்த்தே இராத சங்கதி. அதனால் எல்லா ஸ்க்ரூவுக்கும் நீல நிற த்ரெட் லாக்கர் ஒரு சொட்டு.

ஸ்ட்ரட் உயரத்தையும் கோணத்தையும் மாற்றக்கூடியதாக வாங்குங்கள். ஆரம்பத்தில் அடிப்பாகத்துக்கு இணையாக, ஷாஃப்ட் ஏறக்குறைய கூட்டின் அடிமட்டத்துக்கே வரும்படி வைத்தால் போதும். பின்சுவரின் இருபுறமும் உள்ள டிரிம் டேப் தகடுகள் இரண்டையும் அடிப்பாகத்தோடு சமமாக வையுங்கள். மற்றதெல்லாம் ஓட்டிப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

ரடருக்கு வருவோம். ரடர் தகடு முட்டினால் பின்னால் மடங்கிக்கொள்கிற மாதிரி வாங்குங்கள். ஒரு சிறிய பின்னோ நைலான் ஸ்க்ரூவோ உடைந்து தகட்டைக் காப்பாற்றும். ஏரியில் மிதக்கும் ஒரு கட்டையில் ரடர் மோதி, மடங்க வழியில்லை என்றால் கூட்டின் பின்சுவரே பிய்ந்துவிடும். அங்கே கிளப்புகளில் பந்தயங்கள் வலஞ்சுழியாக நடப்பதால் ரடரை மையத்திலிருந்து கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி வைப்பது வழக்கம். உங்கள் கூட்டில் ஏற்கெனவே துளை போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ரடரையும் அதைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவையும் இணைக்கும் கம்பி தடிமனாக, நேராக, முடிந்தவரை குட்டையாக இருக்க வேண்டும். ரடர் சர்வோ உலோகப் பற்சக்கரத்தோடு குறைந்தது 15 கிலோ சென்டிமீட்டர் டார்க். சிக்கனம் பிடிக்க நினைத்தால் த்ராட்டில் சர்வோவில் பிடியுங்கள். அதற்குச் சாதாரண சர்வோவே போதும்.

நல்ல ரடரில் தண்ணீர் உறிஞ்சும் துளை கூடவே இருக்கும். படகு ஓடும் வேகத்திலேயே தண்ணீர் உள்ளே ஏறும், பம்ப் கிடையாது. குழாயை ஜாக்கெட்டின் கீழ் வாயில் கொடுத்து மேல் வாயில் எடுங்கள். தலைகீழாகக் கொடுத்தால் உள்ளே காற்று தங்கி ஒரு பக்கம் மட்டும் சூடேறும். தண்ணீர் வெளியேறும் துளையைக் கரையில் நிற்கும் உங்கள் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் வையுங்கள். அந்தத் தாரை நின்றுவிட்டால் உடனே படகைத் திருப்பிக்கொண்டு வர வேண்டும். இந்த எஞ்சினுக்குக் கிளட்ச் கிடையாது, கிளம்பிய நொடியே புரொபெல்லர் சுற்ற ஆரம்பிக்கும் என்பதையும் மறக்காதீர்கள். ஸ்டாண்டில் வைத்து, தண்ணீர் இல்லாமல், சில நொடிகளுக்கு மேல் ஓட்ட வேண்டாம். பின்னால் யாரும் நிற்கவும் வேண்டாம்.

டேங்கில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கார்புரேட்டரிலேயே பம்ப் இருக்கிறது, அதனால் அழுத்தக் குழாய் எதுவும் தேவையில்லை. குழாய் மட்டும் பெட்ரோலுக்கானதாக இருக்கட்டும். நைட்ரோ எஞ்சினுக்கு விற்கும் சிலிக்கான் குழாய் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும்.

இனி, பேட்டரி படகிலிருந்து வருகிறவர்கள் யோசிக்காத ஒன்று. உங்கள் எஞ்சினின் ஸ்பார்க், எஞ்சின் சுழற்சியிலேயே மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோவிலிருந்து வருகிறது. ரிசீவர் பேட்டரி செத்தாலும் எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், சர்வோ கடைசியாக நின்ற இடத்திலேயே நிற்கும். ஏழெட்டுக் கிலோ எடையுள்ள படகு முழு த்ராட்டிலில், கையில் பிடி இல்லாமல் போகிறது என்று நினைத்துப் பாருங்கள். ஃபெயில்சேஃப் இருக்கிறதே என்பீர்கள். அது சிக்னல் போனால் த்ராட்டிலை மூடும். கரண்டே போனால் மூடுவதற்கு ஆள் இல்லை. ஆகவே ரேடியோவில் ஃபெயில்சேஃப், எஞ்சினில் தனியாக ஒரு கில் ஸ்விட்ச் இரண்டும் வேண்டும். கில் ஸ்விட்ச் வாங்கும்போது ரிசீவருக்கு மின்சாரம் போனாலும் ஸ்பார்க்கைத் துண்டிக்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். எல்லாம் அப்படி வருவதில்லை. பட்ஜெட் இடித்தால் பெயின்ட் வேலையைத் தள்ளிப்போடுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ரேடியோ 2.4 கிகாஹெர்ட்ஸ். ரிசீவரின் ஆன்டெனா நீர்மட்டத்துக்கு மேலே, செங்குத்தாக, ஸ்பார்க் பிளக் வயரிலிருந்து விலகி இருக்கட்டும். இந்த அலைவரிசை தண்ணீருக்குள் ஊடுருவாது. ரேடியோ பெட்டியின் மூடியை ஒவ்வொரு தடவையும் டேப் ஒட்டி மூடுங்கள். ரிசீவரை ஒரு பலூனுக்குள் போட்டு முடிச்சிடுவது பழைய வழி, இன்னமும் பலிக்கிறது. கூட்டின் முன்பகுதியில் நீச்சல் குளத்தில் விற்கும் ஃபோம் நூடுல்களை வெட்டித் திணித்துவிடுங்கள். வெறும் ஃபைபர் கூடு எஞ்சின் எடையோடு கவிழ்ந்தால் நேராகத் தரைக்குப் போகும்.

புரொபெல்லரில் ஆக்டுரா எக்ஸ் 467 போன்ற ஒன்றில் ஆரம்பிக்கலாம். அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்துகொண்டால் மற்றவற்றையும் நீங்களே தேர்ந்தெடுப்பீர்கள். 67 என்பது விட்டம், மில்லிமீட்டரில். முன்னால் உள்ள 4, பிட்ச் (வழுக்கல் இல்லாவிட்டால் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) விட்டத்தைப் போல 1.4 மடங்கு என்று சொல்கிறது, அதாவது ஏறக்குறைய 94 மில்லிமீட்டர். எஞ்சின் நிமிடத்துக்கு 14,000 சுற்று ஓடினால் கணக்குப்படி மணிக்கு 79 கிலோமீட்டர் வரும், வழுக்கலைக் கழித்தால் அறுபது, அறுபத்தைந்து. முதல் படகுக்கு இது போதுமா என்று கேட்காதீர்கள், ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். துளை உங்கள் ஷாஃப்ட்டின் விட்டத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, கூர்தீட்டி பேலன்ஸ் செய்து விற்பவர்களிடமே வாங்கிவிடுங்கள். இவை பெரிலியம் தாமிரத்தில் வார்த்தவை. அதன் தூள் நுரையீரலுக்கு விஷம். வீட்டு கராஜில் உலர்வாகத் தேய்க்கும் வேலை வேண்டாம்.

எல்லாம் மாட்டியதும் எடையின் மையத்தைப் பாருங்கள். மோனோவுக்குப் பின்சுவரிலிருந்து மொத்த நீளத்தில் சுமார் 30 சதவீதத்தில், உங்கள் படகில் 36, 37 சென்டிமீட்டரில், வந்தால் நல்லது. பேட்டரியையும் ரேடியோ பெட்டியையும் நகர்த்தி இதைக் கொண்டுவாருங்கள், ஈயம் கடைசி வழி.

பெட்ரோலில் ஆயில் 25க்கு 1, அதாவது லிட்டருக்கு 40 மில்லி. எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைத்தால் விடாதீர்கள். எத்தனால் கார்புரேட்டரின் டயஃப்ரம் சவ்வை விறைப்பாக்கிவிடும். இந்தியாவில் இதைப் படிப்பவர்களுக்கு 20 சதவீத எத்தனால் கலந்ததுதான் கிடைக்கும் என்பதால், ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலிசெய்து, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது தீரும்வரை ஓட்டி அணைத்துவிடுவது நல்லது. தண்ணீரை விட்டு எடுத்த கையோடு என்றால், சில நொடி ஐட்லிங்கில் தீர்ந்துவிடும் அளவுதான் மிச்சம் இருக்க வேண்டும். கேபிளையும் அன்றைக்கே உருவித் துடைத்து மெரைன் கிரீஸ் தடவுங்கள்.

ட்யூன்டு பைப் கேட்டிருந்தீர்கள். எஞ்சினோடு வந்த மஃப்ளரே இருக்கட்டும், அந்தப் பணத்தில் இரண்டாவது கேபிளும் இரண்டாவது புரொபெல்லரும் வாங்கிப் பெட்டியில் வையுங்கள். ஏரிக்கரையில் கேபிள் அறுந்தால் பைப் உதவாது. மிச்சிகன் என்றீர்கள், பக்கத்தில் நம்பா அல்லது ஐஎம்பிபிஏ என்ற மாடல் படகுச் சங்கத்தில் சேர்ந்த கிளப் இருக்கிறதா என்று விசாரியுங்கள். சங்க உறுப்பினருக்குக் காப்பீடு உண்டு. எந்த ஏரியில் எந்த நேரத்தில் இந்தச் சத்தத்தை எழுப்பலாம் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். கவிழ்ந்த படகை எடுக்கத் துடுப்புப் படகும் அவர்களிடம் இருக்கும். நீந்திப் போய் எடுக்கிற எண்ணம் மட்டும் வேண்டாம்.