லேவியர் நூலில் நின்றுபோன வாசிப்பு

கேள்வி: தொடக்கநூலிலிருந்து வரிசையாக, நாளுக்குச் சில அதிகாரங்கள் வீதம் திருவிவிலியத்தை வாசித்து வந்தேன். லேவியர் நூலின் பலிச் சட்டங்களுக்கு வந்ததும் ஆர்வம் குன்றி, வாசிப்பே நின்றுவிட்டது. விட்ட இடத்திலிருந்துதான் தொடர வேண்டுமா? நாள் தவறினால் பாவமா?

பதில்: பாவமில்லை. நாள்தோறும் விவிலியம் வாசித்தே ஆக வேண்டும் என்று திரு அவை கட்டளை விதிக்கவில்லை. எனினும், இறை வெளிப்பாடு பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவை) 1965-இல் வெளியிட்ட ஏடு, மறைநூலை அறியாமை கிறிஸ்துவை அறியாமையே என்னும் விவிலியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த புனித எரோணிமுசின் கூற்றை எடுத்துக்காட்டி, நம்பிக்கையாளர் அனைவரும் அதை அடிக்கடி வாசிக்குமாறு வலியுறுத்துகிறது. வாசிப்போடு இறைவேண்டலும் சேர வேண்டும் என்றும் அதே இடத்தில் கூறுகிறது. உங்கள் முயற்சியில் விடுபட்டது இந்த இரண்டாவது பகுதியோ என்று எண்ணுகிறேன். அதிகாரக் கணக்கை முடிக்கும் அவசரத்தில் செபத்துக்கு இடமிருப்பதில்லை.

கத்தோலிக்க விவிலியத்தின் 73 நூல்களையும் வரிசையாக முடிக்கும் எண்ணத்தைச் சிறிது காலம் ஒதுக்கிவைத்து, அன்றன்றைய திருப்பலி வாசகங்களை, குறிப்பாக நற்செய்தியை, வாசியுங்கள். பொதுக்காலத்தின் (தவக்காலம், பாஸ்கா போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத காலத்தின்) வார நாள்களில் மாற்கு, மத்தேயு, லூக்கா என்னும் வரிசையில் நற்செய்தி தொடர்ச்சியாக வாசிக்கப்படுவதால், கதைப்போக்கும் அறுபடாது. நீங்கள் தனியே வாசிக்கும் பகுதியையே அன்று உலகெங்கும் உள்ள இறைமக்கள் கேட்கின்றனர் என்னும் உணர்வும் துணைநிற்கும். பகுதி சிறியதாதலால் இருமுறை வாசிக்கலாம். வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், இறைவன் முன் அமைதியில் இருத்தல் என்று 12-ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் குயிகோ வகுத்த நான்கு படிகளில், தியானத்தோடு நின்றுவிடுவோரே மிகுதி. அன்று உள்ளத்தைத் தொட்ட சொல்லுக்கு உங்கள் சொந்தச் சொற்களில் இறைவனுக்கு மறுமொழி கூறுங்கள். நாள் தவறினால் பாக்கியைச் சேர்த்துவைத்து வாசிக்காமல், அந்தந்த நாளின் பகுதியிலிருந்தே தொடருங்கள்.

லேவியர் நூலையும் அடியோடு ஒதுக்கிவிட வேண்டாம்: உனக்கு அடுத்திருப்பவர்மீது அன்புகூர்வாயாக என்று இயேசு எடுத்துரைத்த கட்டளை அந்நூலின் 19-ஆம் அதிகாரத்தில்தான் உள்ளது. தவக்காலத்தின் முதல் வாரத் திங்களன்று அது திருப்பலியிலேயே வாசிக்கப்படுவதால், அந்த நூல் தானாகவே மீண்டும் உங்கள் கைக்கு வரும்.