நிலநடுக்கமானி அரே: கண்டறிதலும் இடம் குறித்தலும் – கேள்வி பதில்

கர்நாடகத்தில் கௌரிபிதனூரில் 1965இல் அமைக்கப்பட்ட அரேயையே (அரே என்பது பல நிலநடுக்கமானிகளை ஒழுங்காகப் பரப்பி ஒன்றாக இயக்கும் தொகுதி) பெரும்பாலும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். எல் வடிவம், ஒவ்வொரு கையும் சுமார் 22.5 கி.மீ.; மொத்தம் 20 செங்குத்து நிலநடுக்கமானிகள்.

சார், 20 பதிவுகளையும் அப்படியே கூட்டினாலே இரைச்சல் குறையுமே, பீம் என்று தனியாக ஒன்று எதற்கு?

குறையும், சிக்னலும் சேர்ந்து போய்விடும். தொலைதூர நடுக்கத்தின் பி அலை (முதலில் வந்துசேரும் அலை) ஒரு கையின் நெடுக நொடிக்கு 12.5 கி.மீ. தோற்ற வேகத்தில் (தரைமட்டத்தில் தெரியும் வேகம்) போனால், முனைக்கு முனை 1.8 நொடி ஆகிறது. 1 ஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ இரண்டு சுற்று; மேடும் பள்ளமும் ஒன்றையொன்று அழித்துவிடும். அந்தந்தத் தாமதத்தைக் கழித்துவிட்டுக் கூட்டுவதுதான் பீம். இரைச்சல் கருவிக்குக் கருவி தொடர்பில்லாமல் இருந்தால் ஆதாயம் வர்க்கமூலம் 20, அதாவது 4.5 மடங்கு. ரிக்டர் கணக்கில் தனிக் கருவி எட்டுவதைவிட 0.65 குறைந்த நடுக்கம்வரை எட்டலாம். கடல் அலைகளால் வரும் தாழ் அதிர்வெண் இரைச்சல் எல்லாக் கருவிகளிலும் ஒத்தே இருக்கும். அங்கே இந்த ஆதாயத்தை எதிர்பார்க்காதீர்கள்.

எஸ்டிஏ/எல்டிஏவுக்கு (குறுகிய நேரச் சராசரியை நீண்ட நேரச் சராசரியால் வகுத்து நடுக்கத்தைக் கண்டறியும் முறை) என்ன அளவு வைக்கலாம்?

தொலைதூர பி அலைக்கு: சராசரியைக் கழித்து, 1–3 ஹெர்ட்ஸ் ஃபில்டர், எஸ்டிஏ 1 நொடி, எல்டிஏ 30–60 நொடி, விகிதம் 4ஐத் தொட்டால் டிரிகர் (நடுக்கம் என்ற அறிவிப்பு) தொடக்கம், 1.5க்கு இறங்கினால் முடிவு. இதைத் தனிக் கருவியில் ஓட்டாமல் பீமில் ஓட்டுங்கள். எந்தத் திசை என்று முன்கூட்டித் தெரியாதே, அதனால் பீம்களை வலைபோல விரிக்க வேண்டும்: ஸ்லோனஸ் (தரைமட்டத்தில் ஒரு கி.மீ. கடக்க அலை எடுக்கும் நொடி) கிழக்கு-மேற்கிலும் வடக்கு-தெற்கிலும் –0.1 முதல் 0.1 வரை, 0.02 நொடி/கி.மீ. இடைவெளியில். 1 ஹெர்ட்ஸில் இந்த அரேயின் பீம் அகலம் சுமார் 0.04, இடைவெளி அதைத் தாண்டினால் நடுவில் ஓட்டை விழும்.

வழக்கமாகக் கோட்டை விடுவது பெரிய நடுக்கத்துக்குப் பிறகுதான். அதன் வால் எல்டிஏவை ஊதிவிடும், பின்னதிர்வுகள் வரம்பைத் தொடாமலே போகும். டிரிகர் ஆனதும் எல்டிஏவை உறைய வையுங்கள்.

ஒரே அரேயை வைத்து மையத்தைச் சொல்ல முடியுமா?

திசையையும் ஸ்லோனஸையும் சொல்லும். ஸ்லோனஸிலிருந்து தூரம்: 30 பாகையில் (தூரக் கணக்கில் ஒரு பாகை சுமார் 111 கி.மீ.) சுமார் 8.8 நொடி/பாகை, 90 பாகையில் 4.6. இடைப்பட்டதை ஏகே135 என்ற அலைப் பயண நேர அட்டவணையில் பாருங்கள். ஆனால் சுமத்ராவின் வட முனை கௌரிபிதனூரிலிருந்து 19 பாகைதான், திசை வடக்கிலிருந்து வலஞ்சுழியாகச் சுமார் 113 பாகை. அது அட்டவணை ஏமாற்றும் தூரம்: ஆழம் 410, 660 கி.மீ. எல்லைகள் அலையை மடக்குவதால் அடுத்தடுத்துப் பல பி வருகைகள் வரும், ஒவ்வொன்றுக்கும் வேறு ஸ்லோனஸ். 15 முதல் 28 பாகை வரை ஸ்லோனஸை வைத்துத் தூரம் சொல்வதை நான் நம்புவதில்லை. திசையை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற நிலையங்களின் வருகை நேரத்தோடு சேர்த்துத் தீர்க்க வேண்டும்.

திசையிலும் பிழை உண்டு. அந்தத் தூரத்தில் 3 பாகை தவறினால் சுமார் 110 கி.மீ. தள்ளிப்போகும். அரேயின் அடியிலுள்ள பாறை அமைப்பு அலையை வளைப்பதால் இது ஒரு பக்கமாகவே சாயும். இடம் உறுதியாகத் தெரிந்த நடுக்கங்களைச் சேர்த்துத் திசைவாரியாகத் திருத்த அட்டவணை போட்டால் சரிசெய்துவிடலாம்.

அண்ணா, பக்கத்துக் குவாரி வெடிக்கு எஃப்-கே (அலை வரும் திசையையும் ஸ்லோனஸையும் தேடும் கணக்கு) போட்டால் எதிர்த்திசை காட்டுகிறதே?

கருவிகளுக்கு இடையே 2.5 கி.மீ. 5 ஹெர்ட்ஸ், நொடிக்கு 6 கி.மீ. என்றால் அலைநீளம் 1.2 கி.மீ.தான். அலைநீளத்தில் பாதிக்குமேல் கருவிகள் விலகினால் பொய்ச் சிகரங்கள் முளைக்கும். அலை உருவத்தை விட்டுவிட்டு எஸ்டிஏ/எல்டிஏ வளைவுகளைப் பீம் ஆக்குங்கள். தூரத்துக்கு எஸ்-பி நொடியை (பி அலைக்கும் பிறகு வரும் எஸ் அலைக்கும் இடையிலான நேரம்) 8ஆல் பெருக்கினால் கி.மீ.

நார்வேயின் நோரெஸ் அரே இந்தச் சிக்கலுக்காகவே வேறு மாதிரி அமைந்தது: 3 கி.மீ. விட்டத்தில், நடுவில் ஒன்று, சுற்றிலும் 3, 5, 7, 9 என நான்கு வளையங்கள், மொத்தம் 25.

அப்படியானால் சின்ன அரேதான் நல்லதா?

அருகில் நடப்பதற்கு ஆம். ஆனால் 12.5 கி.மீ. வேகத்தில் 3 கி.மீ.யை அலை 0.24 நொடியில் கடந்துவிடும். ஒரு கருவியின் கடிகாரம் 0.05 நொடி விலகினால் திசை புரண்டுவிடும். ஜிபிஎஸ் பூட்டு விட்டுப்போன நேரங்களைப் பதிவேட்டில் பார்த்து அந்தச் சேனலை நீக்குங்கள்.

ஆப்ஸ்பையில் (நிலநடுக்கப் பதிவுகளை அலசும் பைத்தான் நிரல் தொகுப்பு) ஸ்லோனஸ் அபத்தமாக வருகிறது.

எக்ஸ்-ஒய் ஆயங்களை மீட்டரில் கொடுத்திருப்பீர்கள். கிலோமீட்டரில் கொடுங்கள்.