வீடு திரும்பும் வழி – கடிதம்

அன்புள்ள அக்கா,

என் ஆறு வயது மகளுக்காக ஒரு கதை எழுதியிருக்கிறேன். பாம்பனில் வாழும் ஒரு அம்மா. அவள் ஒரு சூப்பர்ஹீரோ. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை நோக்கி வந்த புயலைத் தடுத்து நிறுத்துகிறாள். ரயில் தப்பிக்கிறது. பிறகு, கரையில் காத்திருந்த மகளைக் கூட்டிக்கொண்டு களைத்துப்போய் வீடு திரும்பி, தோசை வார்த்துக் கொடுக்கிறாள். சூப்பர்ஹீரோ களைத்துப்போகக் கூடாது, குழந்தைகள் ஏமாந்துபோவார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அந்த வரியை எடுத்துவிடட்டுமா? அவளுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்? என் அம்மாவும் ஒரு சூப்பர்ஹீரோதான் அக்கா. ஒருநாள்கூட அவர் சோர்ந்து நான் பார்த்ததில்லை.

அன்புடன்,
ஒரு வாசகி, பரமக்குடி

அன்புள்ள தங்கைக்கு,

எடுக்காதே. பெயரை உன் மகளே வைக்கட்டும். நண்பர்களை விடு.

அந்தச் சூப்பர்ஹீரோக்களின் பிறப்பைக் கொஞ்சம் பார். 1938இல் வந்த சூப்பர்மேனுக்குப் பெற்ற தாய் தகப்பன் கிரகத்தோடு அழிந்துபோனார்கள். அடுத்த வருஷம் வந்த பேட்மேனுக்கு அவன் கண்ணெதிரே சுடப்பட்டுச் செத்தார்கள். 1962இல் வந்த ஸ்பைடர்மேனும் தாய் தகப்பன் இல்லாமல் உறவுக்காரர் வீட்டில் வளர்ந்தவன். ஊரைக் காக்கக் கிளம்புகிறவனுக்கு முதலில் பெற்றவளை இல்லாமல் ஆக்கிவிடுகிறார்கள். நீ பெற்றவளையே புயலுக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறாய், மகளையும் கரையில் விட்டுவைத்திருக்கிறாய். படித்ததும் உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அந்தச் சந்தோஷம் உன் கடிதத்தின் கடைசி வரி வரைக்கும்தான். "ஒருநாள்கூட அவர் சோர்ந்து நான் பார்த்ததில்லை." இதைப் பெருமையாக எழுதுகிறாயே, என்ன பெருமை இதில்? அவர் சோரவில்லை என்றா சொல்கிறாய்? நீ பார்க்கவில்லை. ஒரே வீட்டில் எத்தனை வருஷம் இருந்திருப்பாய்! அவர் படுத்தபோது நீ தூங்கியிருப்பாய், எழுந்தபோதும் தூங்கியிருப்பாய். நடுவில் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தால், "அம்மா, தண்ணி" என்று கேட்டிருப்பாய். கோபப்படாதே. இதே வாக்கியத்தை மேடைகளில் எத்தனையோ பேர் கண்கலங்கச் சொல்லக் கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

நான் பார்த்தேன். பார்க்கும்படி ஆயிற்று.

பெரியபட்டினம் பக்கம் எங்கள் ஊர். அம்மா பாசிக்குப் போவாள், கடலில் முங்கிப் பாசி பறிக்க. விடிவதற்குள் படகு, வல்லம் என்போம், கிளம்பிவிடும். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் என்னையும் ஏற்றிக்கொள்வாள். பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், மரிக்கொழுந்துப் பாசி கல்லோடு ஒட்டிக் கிடக்கும். பழைய சேலையைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முங்குகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்குவாள். நான் வல்லத்திலிருந்து எண்ணுவேன். எனக்கு நூறு வரைக்கும்தான் எண்ணத் தெரியும். சில முங்குக்கு நூறு போதாது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன்.

நான் சொல்ல வந்தது திரும்பி வருவதைப் பற்றி. தண்ணீர் வற்றிக் கிடந்தால் வல்லம் கரைக்கு வராது. இறங்கி முழங்கால் சகதியில் நடக்க வேண்டும். அம்மா தலையில் ஈரமூட்டை, அதிலிருந்து கழுத்து வழியாக ஒழுகும் தண்ணீர். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவேன். அப்புறம் பனங்காட்டு மணல். தண்ணியில்லாக் காடு என்று வெளியூர்க்காரர்கள் எங்கள் ஜில்லாவைச் சொல்வார்கள். வழியில் ஊற்றில் நின்று, செரட்டையால் ஊறுகிற தண்ணீரைக் கோரிக் கோரிக் குடத்தை நிறைத்து இடுப்பில் வைத்துக்கொண்ட பிறகுதான் வீடு. வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வருவேன். அவள் ஒரு வார்த்தை பேச மாட்டாள். ரொம்பக் கேட்டால், "பேசாம வாத்தா" என்பாள். என்மேல் கோபம் என்று நினைத்து எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். பகல் முழுக்க மூச்சை அடக்கினவளுக்குப் பேச மூச்சு இருக்காது என்று எனக்கு முப்பது வயதுக்குமேல்தான் தோன்றியது.

சிம்னி விளக்கடியில் நான்தான் துணியை அவிழ்ப்பேன். விரல் நுனியெல்லாம் வெளுத்து, ஊறி, குறுக்கும் நெடுக்குமாகக் கீறி இருக்கும். சுண்டுவிரல் துணி மட்டும் ரத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் விட்டு நனைத்து எடுக்க வேண்டும். அந்தக் கையால் குழம்புச் சோற்றைத் தொட முடியாது, காரம் பற்றிக்கொள்ளும். நான் உருண்டை பிடித்து ஊட்டினேன். தோசை வார்த்தாளாம் உன் கதையில்! என் வீட்டில் எட்டு வயது மகள் தாய்க்கு ஊட்டினாள். கண்ணாடி அழுத்தின வட்டம் இரண்டு கண்ணையும் சுற்றி ராத்திரி வரைக்கும் சிவந்து கிடக்கும். அது அவ்வளவு அழகு எனக்கு. ஒருநாள் அடுப்புக்கரியால் என் கண்ணைச் சுற்றியும் வட்டம் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் முகம் கழுவிவரச் சொன்னார். கழுவ மாட்டேன் என்று நின்றேன்.

அந்தப் பாசியிலிருந்துதான் அகர் என்கிற கூழ்ப்பொருளை எடுக்கிறார்கள். நோன்புக் காலத்தில் கீழக்கரை வீடுகளில் தட்டில் குலுங்குகிற கடல்பாசியும் அகர்தான், ஆய்வகத்தில் கிருமி வளர்க்கிற தட்டில் இருப்பதும் அகர்தான். 1986இல் 21 தீவுகளையும் சேர்த்து மன்னார் வளைகுடாவைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதற்கப்புறம் தடையை மீறிப் பாசி எடுக்கப்போய் ரோந்துப் படகைக் கண்டு பயந்தது தனிக்கதை. ஒருமுறை மூட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள்; அன்றைக்கு வெறுந்தலையோடு நடந்தாள், ஆனாலும் மூட்டை இருப்பதுபோலவே கழுத்தை விறைத்துக்கொண்டு நடந்தாள். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, இரும்பு போட்டுச் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது என்று பிற்பாடு பாசிப் பெண்களே தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். 2015இல் சின்னப்பாலத்துப் பாசிப்பெண் லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தருகிற சீகாலஜி விருது கிடைத்த செய்தியைப் படித்தபோது, படத்தில் நான் முதலில் தேடியது அவர் விரல்களை.

ஆகவே, புயலை நிறுத்துவதை நாலு வரியில் முடி. உன் கதை அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. கரையிலிருந்து அவள் வீடு எவ்வளவு தூரம்? வழியில் நிழல் உண்டா? குழந்தை எந்தப் பக்கம் நடக்கிறாள், எதைப் பிடித்துக்கொண்டு? அம்மா பேசுகிறாளா? வீட்டில் தண்ணீர் இருக்கிறதா, யார் பிடித்துவைத்தது? இதெல்லாம் தெரியாவிட்டால் உன் அம்மாவிடம் போய்க் கேள், வேலை முடிந்து எந்த வழியாக வருவார் என்று. எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா